ரேடியேட்டர் நானாவின் சூட்டு லொறி

புத்தளத்து வெயில் போதாது என்று கவலைப்பட்ட மனிதர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான். அவர் எங்கள் ரேடியேட்டர் நானா. தில்லையடியில் நாங்கள் எல்லோரும் மின்விசிறிக்குக் கீழே இடம் பிடிக்கச் சண்டை போட்டுக்கொண்டிருந்த ஏப்ரல் மாதத்தில், அவர் தன் பட்டறையில் குந்தியிருந்து, ஓடுகிற வண்டிக்குள்ளே எப்படிச் சூடேற்றுவது என்று மூளையைக் கசக்கிக்கொண்டிருந்தார்.

ஓட்டை விழுந்த ரேடியேட்டர்களை ஒட்டிக் கொடுப்பதுதான் அவருடைய தொழில். தெருவுக்கெல்லாம் அவர் நானா, அதாவது அண்ணன்; சொந்தப் பெயர் அவரது அடையாள அட்டைக்கு மட்டுமே தெரியும்.

அவருக்குப் பைத்தியம் என்று தெரு முடிவு கட்டியிருந்தது. ஆனால் காரணம் ஒன்று இருந்தது. அவருடைய மனைவி, எங்கள் எல்லோருக்கும் அக்கா முறையில் ராத்தா, இழுப்பு நோயாளி. கொஞ்சம் குளிர் பட்டாலும் நெஞ்சுக்குள் விசில் ஊதத் தொடங்கிவிடும். ஒரே மகள் வாழ்க்கைப்பட்டதோ மலையுச்சிக் குளிரில், நுவரெலியாவில். ஒருமுறை பார்க்கப் போன ராத்தா, பாதி மலையிலேயே மூச்சு முட்டி ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டுத் திரும்பியவர். இப்போது மகளுக்குத் தலைப்பிரசவம். பயணம் செய்யக் கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டதால் அவளால் ஊருக்கு வர முடியாது. "உம்மா பக்கத்துல இரிக்கோணும்" என்று மகள் போனில் அழ, ராத்தா இங்கே அழ, நானா நேராகப் போய் பேக்கரி ஒன்றின் பழைய பாண் லொறியை வாங்கிக்கொண்டு வந்தார்.

பின்பக்கப் பெட்டிக்குள் கட்டில் போட்டார், அலுமாரி வைத்தார், திரைச்சீலை தொங்கவிட்டார். மகள் வீட்டில் ஒரே அறை. அதனால் போன இடத்திலும் இதிலேயே படுத்துக்கொள்ளலாம் என்பது திட்டம். எல்லாம் சரி. சூட்டுக்கு எங்கே போவது?

முதலில் சட்டி நிறையக் கரி நெருப்பு வைத்துப் பார்த்தார். புகையில் ராத்தாவுக்கு வீட்டு வாசலிலேயே இழுப்பு வந்துவிட்டது.

"இழுப்பு வராம இரிக்கத்தானே வண்டி கட்டுறீங்க? இல்லாட்டி என்னய மவுத்தாக்கவா?" என்று ராத்தா கத்தியது தெருமுனை வரைக்கும் கேட்டது. நானா சட்டியைத் தூக்கிக் கிணற்றடியில் கவிழ்த்தார்.

இரண்டு நாள் பட்டறையிலேயே கிடந்தார். பிறகு ஒரு காலையில் என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"தம்பி, நான் ஒரு மடையன். எஞ்சின்ட சூட்ட வெளிய தொரத்துறதுதானே என்ட தொழில்? அதப் பின்னால பெட்டிக்குள்ள வா எண்டு கூப்பிட்டா வராதா?"

வந்தது. எஞ்சினில் கொதிக்கிற தண்ணீரைக் குழாய் வழியாகப் பின்னால் கொண்டுபோனார். கட்டிலின் காலடியில் ஒரு சின்ன ரேடியேட்டரைப் பொருத்தி, அதற்குப் பின்னால் ஒரு விசிறியையும் வைத்தார். நடுவில், ஓட்டுகிறவர் கைக்கு எட்டும் இடத்தில் ஒரு வால்வு. அதைத் திறந்தால் சூடு, மூடினால் இல்லை.

சோதனை ஓட்டத்துக்கு என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு பட்டப்பகலில் புறப்பட்டார். முன்னாலிருந்து, "சூடு தெரியுதா தம்பி?" என்று கத்தினார்.

"நானா, எது உங்கட சூடு, எது அல்லாட சூடு எண்டு நான் எப்பிடிப் பிரிக்கிற?"

மனிதர் வண்டியை ஓரங்கட்டி யோசித்தார். பிறகு நேராக, மீன் இறங்கும் பள்ளிவாசல்துறைக்கு விட்டார். மீன்காரர்களிடம் கெஞ்சிக் கூத்தாடி ஐஸ் பாளங்களை வாங்கி, கட்டிலைச் சுற்றி அடுக்கினார். என் கழுத்தில் ஒரு கம்பளி மப்ளரைச் சுற்றினார்.

"இதான் நுவரெலியா. நீங்கதான் ராத்தா. குளுந்தா சுவத்துல தட்டுங்க."

கதவைச் சாத்திவிட்டார். செதில் ஒட்டிய ஐசுக்கு நடுவில் பல் கிடுகிடுக்க நான் கிடந்தேன். வண்டி ஓட ஓடக் காலடியில் இதமாக ஒரு காற்று வந்தது. அல்லா மேல் ஆணை, சுகமாகவே இருந்தது. கொஞ்ச நேரத்தில் ஐஸ் உருகி, கதவிடுக்கால் றோட்டுக்கு ஒழுகத் தொடங்கியது. பொலிஸ்காரர் ஒருவர் கையைக் காட்டி மறித்தார். ஒழுகுகிற தண்ணீரை முகர்ந்து பார்த்தார்.

"மாளுத?" என்றார். மீனா என்று கேட்கிறார்.

"நே சேர்," என்றார் நானா, இல்லையென்று பணிவோடு தலையாட்டி, "நுவரெலிய."

பொலிஸ்காரர் கதவைத் திறந்தார். உள்ளே மப்ளரோடு நான். அவருக்கு வந்த சிரிப்பில் லைசன்ஸ் கேட்கவே மறந்துபோனார்.

மகளை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள் என்று மருமகனிடமிருந்து போன் வந்த விடியற்காலையிலேயே, சுபஹு தொழுதுவிட்டுக் கிளம்பினோம். ராத்தா கட்டிலில், நான் துணைக்கு முன் ஆசனத்தில். மலைப்பாதையில் றம்பொடை ஏற்றத்தில் மூடுபனி கண்ணாடியை மறைத்தது. நானா வால்வை முழுதாகத் திறந்துவிட்டார். பின்னால் சத்தமே இல்லை. போன தடவை மூச்சு முட்டியதும் இதே இடத்தில்தான். நானாவின் உதடு ஓதிக்கொண்டேயிருந்தது. திடீரென்று சுவரில் தடதடவென்று தட்டு.

"இஞ்சேருங்க! எனக்கு வேர்க்குது!"

நானா வண்டியை நிறுத்திவிட்டார். ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துச் சின்னப்பிள்ளைபோல் அழுதார். "கேட்டீங்களா தம்பி? வேர்க்குதாம். அல்ஹம்துலில்லாஹ், அவவுக்கு வேர்க்குதாம்."

ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்து எஞ்சினை நிறுத்தினோம். பார்வையாளர் நேரத்துக்கு இன்னும் நிறைய நேரம் கிடந்தது. வாசலில் காத்திருந்த மருமகன் எங்களைப் பார்த்துவிட்டுத் திரும்ப உள்ளே ஓடினான். கொஞ்ச நேரத்தில் பின்னால் ஓர் இருமல். பிறகு இன்னொன்று. ரேடியேட்டரைத் தொட்டுப் பார்த்த நானாவின் முகம் செத்துப்போனது. எஞ்சின் ஓடினால்தான் சூடு. ஊரில் வண்டியை நிறுத்தினால் உள்ளே இன்னும் வேகும். அதனால், நிறுத்தினால் குளிரும் என்பது புத்தளத்து மூளைக்கு, என்னுடையதையும் சேர்த்துத்தான், எட்டவேயில்லை.

எஞ்சினை ஓடவிட்டு நின்றால் காவலாளி விரட்டினார். நானா சொன்னார்: "நிக்கத்தானே வேணாமெண்டான்? ஓடுவம்."

ஓடினோம். ஏரியைச் சுற்றி, கடைத்தெரு வழியாக ஆஸ்பத்திரி வாசலுக்கு, திரும்பவும் ஏரிக்கு. இருமல் அடங்கியது. ஏரிக்கரையில் சவாரிக்குக் கட்டியிருந்த வெள்ளைக் குதிரையைக் கடக்கும்போதெல்லாம் பின்னாலிருந்து குரல் வரும்: "இந்தக் குதிரைய இன்னும் எத்தின தரம் எனக்குக் காட்டப் போறீங்க?"

"புள்ள பொறக்கும் மட்டும்!"

பிறந்தது. பெண் குழந்தை. மருமகனின் போன் வந்தபோது நாங்கள் குதிரைக்குப் பக்கத்தில் இருந்தோம். நெஞ்சில் விசில் இல்லாமல், நெற்றியில் வேர்வையோடு ராத்தா ஆஸ்பத்திரிப் படியேறிப் போனதை நானா கீழே நின்று பார்த்துக்கொண்டேயிருந்தார்.

அடுத்த மாதம் மகளும் பேத்தியும் தில்லையடிக்கு வருகிறார்கள். மலைநாட்டுப் பிள்ளை நம் வெயிலைத் தாங்காதாம். அதே லொறிக்குக் குளிரேற்ற நானா இப்போது மும்முரமாக இருக்கிறார். சோதனைக்கு என்னைத்தான் ஏற்றுவார், தெரியும்.

எங்கள் தெருவில் யாராவது "வேர்க்குது" என்று அலுத்துக்கொண்டால் இப்போதும் அவர் முகம் மலர்ந்துவிடுகிறது. அதைப் பார்ப்பதற்காகவே நான் தினமும் ஒருமுறை பட்டறை வாசலில் போய் நின்று, "நானா, வேர்க்குது" என்று சொல்லிவிட்டு வருகிறேன்.