ஒன்று விட்டு ஒன்று

காதோரம் வெடித்த ஹாரன் சத்தத்தில் டோக்கன் சாரின் மனைவி கையிலிருந்த பாட்டில் தண்ணீர் பாதி அவள் மடியிலேயே கொட்டிவிட்டது. பக்கத்து லேனில் ஒரு நீல நிறக் கார் மூக்கை நீட்டிக்கொண்டு நின்றது.

"விட்டுடுங்களேன். அவரும் எவ்வளவு நேரம்தான் நிப்பார்?"

"வரிசைன்னு ஒண்ணு இருக்கு" என்றார் டோக்கன் சார். சொன்னதோடு நிற்காமல், முன்னால் நின்ற லாரியின் பின்புறத்தை முத்தமிடுகிற தூரத்துக்கு வண்டியை நகர்த்தினார். நீலக் கார் மூக்கை இழுத்துக்கொண்டது.

ஆஸ்பத்திரியில் வெளிநோயாளிகளுக்கு டோக்கன் கொடுக்கும் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவர் அவர். தலைமை டாக்டரின் மாமியாரையே, "உங்களுக்கு முன்னாடி ஆறு பேர்" என்று பெஞ்சில் உட்கார வைத்த புண்ணியவான். ஜன்னலுக்குள் யாராவது தலையை நுழைத்தால் பேசக்கூட மாட்டார். ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையைக் காட்டுவார். 'உட்காருங்க, கூப்பிடுறேன்' என்று அதற்கு அர்த்தம்.

அப்படிப்பட்டவருக்கு இந்த ரோடு பெரிய சோதனை. முன்னால் குழாய் பதிக்கத் தோண்டியிருந்ததால் இரண்டு லேன் ஒரே லேனாகச் சுருங்கியிருந்தது. டோக்கன் சார் வரிசையின் வால் கண்ணில் பட்ட இடத்திலேயே நல்ல பிள்ளையாகச் சேர்ந்துகொண்டார். மற்றவர்களோ காலியாகக் கிடந்த பக்கத்து லேனில் கடைசிவரை பறந்து வந்து, அங்கே தலையை நுழைத்தார்கள்.

"போர்டைப் பாருங்க" என்று மனைவி வாய்விட்டுப் படித்தாள். "பாதை குறுகுகிறது. ஒன்று விட்டு ஒன்று செல்லவும்."

"அது வரிசையில நிக்கிறவங்களுக்குப் போட்ட போர்டு."

பின் சீட்டில் மகள். அவள் பக்கத்தில், மாப்பிள்ளை வீட்டுக்குப் பரிசாக மனைவி வாங்கிய ஒரு பெரிய பூந்தொட்டிச் செடி. அதன் இலைகள் பின் கண்ணாடி முழுவதையும் அடைத்திருந்தன. பின்னால் ஒன்றுமே தெரியவில்லை என்று டோக்கன் சார் கிளம்பும்போதே முணுமுணுத்தார். நீங்க என்ன பின்னாடியா ஓட்டப்போறீங்க என்று கேட்டு மனைவி வாயை அடைத்துவிட்டாள்.

மகளுக்கும் பையனுக்கும் பிடித்துப்போய் நாளாகிவிட்டது. பையனின் அம்மாவுக்கும் சம்மதம். பாக்கி இருந்தது பையனின் ஒன்று விட்ட மாமா ஒருத்தர்தான். தகப்பன் இல்லாத பையனைப் படிக்க வைத்து ஆளாக்கியவர் என்பதால் அவர் தலையாட்டாமல் அந்த வீட்டில் ஜன்னல் திரைகூட மாறாது. இன்றைக்கு மத்தியானச் சாப்பாட்டுக்கு வருகிறார். நாளைக்கு வெளிநாடு போனால் அடுத்த வருஷம்தான் திரும்புவார்.

மகளின் போன் டிங் என்றது.

"அப்பா, மாமாவும் இந்த ரோட்டிலதான் மாட்டியிருக்காராம். யாரோ வழி விடாம நிக்கிறாங்களாம். செம கோபத்துல இருக்காராம்."

டோக்கன் சார் மெல்ல நீலக் காரைத் திரும்பிப் பார்த்தார். அதன் டிரைவர் இவரையே பார்த்துக்கொண்டிருந்தார். இவர் சட்டென்று பார்வையை லாரிக்கு மாற்றினார்.

"என்ன கலர் வண்டின்னு கேளும்மா."

"வெள்ளையாம்."

போன உயிர் திரும்பி வந்தது. ஆனால் ரொம்ப நேரம் தங்கவில்லை. பக்கத்து லேனில் நீலத்துக்குப் பின்னால் வெள்ளை, வெள்ளை, சாம்பல், மறுபடி வெள்ளை.

"வெள்ளையில என்ன வெள்ளை?"

"வெள்ளையில என்னப்பா வெள்ளை? வெள்ளைதான்."

அந்த நிமிஷத்தில் டோக்கன் சார் தன் வாழ்நாள் கொள்கையைத் தூக்கி ஜன்னல் வழியாக எறிந்தார். நீலக் காரைச் சுற்றிக்கொண்டு வந்த முதல் வெள்ளைக் காருக்கு பிரேக் போட்டு, கண்ணாடியை இறக்கி, சிரித்து, கையால் வழிகாட்டினார். அந்த மனிதர் இவரைக் கொஞ்சம் பயத்தோடு பார்த்துவிட்டு நுழைந்தார். அடுத்ததற்கும் அதே மரியாதை.

"இந்தப் பையனுக்கு மாமா வயசா?" என்றாள் மனைவி.

"டிரைவரா இருக்கும். மாமா பின்னாடி படுத்திருப்பார்."

"இது பால் வண்டி."

"வெள்ளைதானே."

சாம்பல் வண்டி வந்தபோது டோக்கன் சார் சட்டென்று லாரியை ஒட்டிக்கொண்டார். வெள்ளை வந்ததும் மறுபடி இளகினார். நீலக் காரின் கண்ணாடி இறங்கியது.

"சார், நான் வேணும்னா பெயின்ட் அடிச்சுட்டு வரட்டுமா?"

மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்காக நீலத்தையும் விட்டார். நீலத்தை விட்ட பிறகு சாம்பலுக்கு மட்டும் என்ன பதில் சொல்வது? அதையும் விட்டார். இங்கே ஒரு வள்ளல் நிற்கிறார் என்ற செய்தி எப்படித்தான் பரவியதோ, இவருடைய வரிசையில் பின்னால் ஒழுங்காக நின்றவர்களில் சிலரே வெளியேறி, பக்கத்து லேன் வழியாக வந்து, இவருக்கு முன்னால் நுழைந்து, நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள்.

நேர் பின்னால் இருந்த வண்டி மட்டும் விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. டோக்கன் சார் திரும்பிப் பார்த்தார். இலைதான் தெரிந்தது. ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, ஐந்து விரலையும் விரித்து, உள்ளங்கையைக் காட்டினார்.

"பொறுமையே இல்ல. மாமா மாதிரி பெரிய மனுஷங்க மாட்டிக்கிட்டு நிக்கிறாங்க, இவனுக்கு அவசரம். பாவம், அவருக்கு வழி விடாம நிக்கிறது எந்தப் படுபாவியோ."

மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்ச் சேரும்போது சாப்பாட்டு நேரம் தாண்டியிருந்தது. போதாத குறைக்கு, வாசலில் அந்த நீலக் கார் நின்றிருந்தது. டோக்கன் சார் தொட்டியைத் தூக்கி, முகத்தை இலைக்குள் மறைத்துக்கொண்டு நடந்தார். அடுத்த வீட்டிலிருந்து ஸ்க்ரூ டிரைவர் பையோடு வெளியே வந்த டி.வி. மெக்கானிக், தன் நீலக் கார் கதவைத் திறந்தபடியே விசாரித்தார்.

"வெள்ளை கிடைச்சுதா சார்?"

அவர் மாப்பிள்ளை வீட்டு ஆள் இல்லை என்று தெரிந்த சந்தோஷத்தில் டோக்கன் சார் அவருக்கு ஒரு கும்பிடே போட்டார்.

"இதோ, மாமாவும் வந்துட்டார்" என்று பையனின் அம்மா வாசலுக்கு ஓடிவந்தாள்.

ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. உயரமான மனிதர் உதட்டை இறுக்கிக்கொண்டு இறங்கினார். அவருக்குப் பின்னால் குள்ளமாக, கண்ணில் சிரிப்போடு அவர் மனைவி. டோக்கன் சார் தொட்டியும் கையுமாக முந்திக்கொண்டார். வழியில் ரொம்பச் சிரமமாமே, யாரோ வழி விடவில்லையாமே, இந்தக் காலத்தில் மனுஷனுக்கு மனுஷன் விட்டுக்கொடுக்க வேண்டாமா, தான் இன்றைக்கு வந்தவர்களுக்கெல்லாம் வழி விட்டதாகவும், அதில் மாமாவின் வண்டியும் இருந்திருக்கும் என்றே நம்புவதாகவும் மூச்சு விடாமல் சொன்னார்.

மாமா செடியைப் பார்த்தார். இலை இலையாகப் பார்த்தார். மகள் துப்பட்டா நுனியை விரலில் சுற்றிக்கொண்டு நின்றாள்.

பிறகு மாமா வலது கையைத் தூக்கி, ஐந்து விரலையும் விரித்து, டோக்கன் சாரிடம் உள்ளங்கையைக் காட்டினார்.

அந்தக் கையை எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது டோக்கன் சாருக்கு.

மாமாவின் மனைவிக்கு அதற்கு மேல் சிரிப்பை அடக்க முடியவில்லை. தொட்டியை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டே சொன்னாள்:

"உள்ள வாங்க, சாப்பிட்டுக்கிட்டே கல்யாணத் தேதி பேசலாம். இந்தச் செடிக்குப் பின்னாடி உட்கார்ந்து நான்தான் எண்ணிக்கிட்டு வந்தேன். இவர் பையனுக்கு ஒண்ணு விட்ட மாமா, நீங்க எங்களுக்குப் பதினேழு விட்ட சம்பந்தி."