உடும்பும் உடையாத காலெட்டும்

ஒரு காட்டில் ஒரு சிங்கம் இருந்தது என்று ஆரம்பித்தால்தான் உங்களுக்குத் திருப்தி. சரி, இருந்தது. அந்தச் சிங்கம் ஒரு மிஷின் பட்டறை வைத்திருந்தது. வருஷத்துக்கு ஒருமுறை ஆயுத பூஜைக்கு வந்து சுண்டல் தின்றுவிட்டுப் போகும். மற்ற நாளெல்லாம் மேனேஜர் நரி துரைசாமியின் ராஜ்ஜியம்.

அங்கே மில்லிங் மிஷினில் செங்கோடன் என்ற உடும்பு வேலை பார்த்தது. பதினோரு வருஷமாகத் தற்காலிகம். ஏற்கனவே இரண்டு மெமோ வாங்கியிருந்தது. ஒன்று, மிஷினைத் துடைத்ததற்கு. இன்னொன்று, செய்த உருப்படியை அளந்து பார்த்ததற்கு. இரண்டுமே உற்பத்தியில் சேராதாம். மூன்றாவது மெமோ வந்தால் வேலை போய்விடும்.

செங்கோடனின் கவலை ஒரு காலெட். மிஷினில் இரும்பை வெட்டும் கட்டரைக் கவ்விப் பிடிக்கும் சின்ன எஃகுக் குழல் அது. பிடி இறுகுவதற்காகச் சுற்றிலும் கீறிவிட்டிருப்பார்கள். மூன்று வருஷம் உழைத்ததில் உள்பக்கம் தேய்ந்து வழவழவென்று ஆகிவிட்டது. கட்டர் பாதி வெட்டில் நழுவி இறங்கி உருப்படியைக் குதறியது. உலகத்துக்கே பிடி கற்றுக்கொடுத்த ஜாதியில் பிறந்துவிட்டு, கண்ணெதிரே பிடி நழுவுவதைப் பார்க்க அதற்கு மானம் போனது.

ஸ்டோர்ஸில் ஆமை நாச்சிமுத்து உட்கார்ந்திருந்தது.

"அண்ணா, காலெட் தேஞ்சு போச்சுங்க. புதுசு ஒண்ணு வேணுமுங்."

"ஒடஞ்ச துண்டு எங்கே?"

"ஒடையலீங்ணா. தேஞ்சிருக்குது."

ஆமை நிதானமாக ஒரு படிவத்தை எடுத்துத் திருப்பிக் காட்டியது. "பாரு. 'உடைந்தது'க்கு ஒரு கட்டம், 'தொலைந்தது'க்கு ஒரு கட்டம். தேஞ்சதுக்குக் கட்டம் எங்கே இருக்குது? ஒடஞ்ச பொறவு வா, கண்ணு."

செங்கோடன் மேனேஜரிடம் போனது. நரி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பிடிமானம்ங்கறது மனசுல இருக்கோணும் செங்கோடா" என்றது. அதோடு ஒரு காலண்டரும் கொடுத்தது.

பக்கத்து மிஷினில் கரடி குப்புச்சாமி. ஸ்பேனருக்கு நீளமாகப் பைப்பை மாட்டி, முழு உடம்பையும் சாய்த்து முறுக்கும். சில நாள் கட்டரைச் செருக மறந்து வெறும் காலெட்டையே முறுக்கும். வாரத்துக்கு ஒன்று படாரென்று உடையும். துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு, பாட்டுப் பாடியபடி ஸ்டோர்ஸுக்குப் போய்ப் புதுசோடு திரும்பும்.

"செங்கோடண்ணா, சுத்தியல்ல ஒரு போடு போடுங்க. வேலை முடிஞ்சுது" என்றது கரடி.

"போடா. சோறு போடற சாமானை ஒடைக்கச் சொல்றியா?"

செங்கோடன் காலெட்டை மண்ணெண்ணெயில் கழுவியது. கட்டரின் காம்பில் மெல்லிய பித்தளைத் தகட்டைச் சுற்றிச் செருகி, துளித்துளியாக வெட்டியது. உருப்படி ஒன்றுகூடப் பழுதாகவில்லை. அதனால் யாரும் கவனிக்கவும் இல்லை.

ஆயுத பூஜை நெருங்கியது. சிறந்த தொழிலாளியைத் தேர்ந்தெடுக்க நரி ஸ்டோர்ஸ் நோட்டைப் புரட்டியது. உருப்படிகளைப் பார்க்கலாமே என்பீர்கள். அவை எண்ணெய்ப் பிசுக்கு. நோட்டு சுத்தமாக இருந்தது. குப்புச்சாமி, ஐம்பத்திரண்டு காலெட். செங்கோடன், பூஜ்யம்.

"அம்பத்திரண்டு காலெட்டைத் தின்னுருக்குதுன்னா அந்த மிஷின் எப்படி ஓடியிருக்கும்!" என்று நரி உருகியது. கரடிக்கு வெள்ளிக் குடம். உடும்புக்கு மூன்றாவது மெமோ: வருஷம் பூராவும் மிஷினைச் சும்மா நிறுத்தி வைத்தது.

கணக்கை முடிக்க, செங்கோடன் காலெட்டை ஸ்டோர்ஸில் ஒப்படைத்தது. ஆமை கண்ணாடியை மாட்டிக்கொண்டு உள்ளே பார்த்தது.

"அட, இது தேஞ்சிருக்குதே! நல்ல சாமானை இப்படித் தேய்ச்சு வெச்சிருக்கியே!"

பதினோரு வருஷத்தில் முதல்முறையாகச் செங்கோடனுக்குக் கோபம் வந்தது. காலெட்டைப் பிடுங்கி மேசைமேல் வைத்து, சுத்தியலால் ஒரே போடு. மூன்று துண்டு. பெற்ற பிள்ளையை அடித்ததுபோல் அதற்கு அழுகை வந்தது.

ஆமையின் முகம் மலர்ந்தது. "இதை மொதல்லயே செஞ்சிருக்கலாமே!" என்று படிவத்தை எடுத்து, 'உடைந்தது' கட்டத்தில் டிக் அடித்து, முத்திரை குத்தி, பளபளக்கும் புதுக் காலெட்டை நீட்டியது. "துண்டு வந்தா புதுசு குடுத்தே ஆகோணும். கையெழுத்துப் போடு."

செங்கோடன் போட்டது.

சத்தம் கேட்டு ஓடிவந்த நரிக்கு, கையெழுத்தைப் பார்த்ததும் வேர்த்துவிட்டது. "புதுக் காலெட்டுக்குக் கையெழுத்துப் போட்ட ஆளை எப்படி வெளியே அனுப்பறது? ஆடிட்ல யாரு பதில் சொல்றது?" மெமோவை நாலாகக் கிழித்தது. போகிறபோக்கில் செங்கோடன் பேரை நிரந்தரத்திலும் எழுதிவிட்டுப் போனது.

செங்கோடனுக்குச் சந்தோஷம் வரவில்லை, வெட்கம்தான் வந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை இன்னொன்றை உடைத்தபோது வெட்கம் கொஞ்சம் குறைந்தது. தீபாவளிக்குள் சுத்தமாகப் போய்விட்டது.

மறுவருஷ ஆயுத பூஜையில் அறுபத்தொரு காலெட் உடைத்த உடும்புக்கு வெள்ளிக் குடம் கிடைத்தது. பொட்டு வைத்த மிஷின் பக்கத்தில் நின்று சிங்கத்தோடு போட்டோ எடுத்துக்கொண்டது. உடைக்கிற மும்முரத்தில் அந்த வருஷம் அது செய்த உருப்படிகள் எல்லாம் பழுதாகிக் குப்பைக்குப் போயின. அதற்கும் படிவத்தில் கட்டம் இல்லை.

நீதி: தேய்ந்துகொண்டே வேலை செய்யாதீர்கள், உங்களுக்குக் கட்டம் கிடையாது. எதையாவது உடையுங்கள், துண்டுகளை மட்டும் மறக்காமல் எடுத்துப் போங்கள்.