நிறுத்தினால் சத்தம் கூடும் கிரைண்டர்

அமைதியை அளப்பதைப் போல இரைச்சலான வேலை உலகத்தில் வேறு கிடையாது. நான் அளந்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

போத்தனூரில் ஒரு வெட் கிரைண்டர் கம்பெனியில் பொறியாளராகச் சேர்ந்து, பயிற்சிக் காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தேன். கோட்டைமேட்டு வியாபாரி ரஷீத் பாய் எங்கள் கிரைண்டரைத் துபாய்க்கு அனுப்பத் தயாராக இருந்தார். பெட்டியில் 'சத்தமே இல்லை' என்று வெறுமனே அச்சடித்தால் அங்கே நம்ப மாட்டார்களாம். எத்தனை டெசிபல் என்று எண் வேண்டும், அதையும் அவர் கண்ணெதிரே அளக்க வேண்டும்.

"அம்மணி, இந்த ஆர்டர் வந்துச்சுன்னா உங்க வேலை நிரந்தரமுங்க. வரலீன்னா..." என்று இழுத்தார் முதலாளி. மீதியை மரியாதை கருதிச் சொல்லவில்லை. (எங்கள் பக்கம் வேலையை விட்டு அனுப்பினாலும் 'போயிட்டு வாங்க' என்றுதான் அனுப்புவார்கள்.)

அளக்கும் முறை எளிது. இயந்திரம் ஓடும்போது ஒருமுறை, நிறுத்திவிட்டு ஒருமுறை. நிறுத்தியபின் மீட்டர் காட்டுவது சுற்றுப்புறச் சத்தம். அது நன்றாகக் குறைந்திருந்தால்தான் முதல் எண் செல்லும். ஆகவே அக்கம்பக்கத்துப் பட்டறைகள் மூடியிருக்கும் ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்தெடுத்தேன். ரயில் எப்போதெல்லாம் வரும் என்று விசாரித்து வைத்தேன். என் மூளையை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது.

ஒன்றை மட்டும் யோசிக்கவில்லை. வெறும் கல்லைச் சுழற்றி அளந்தால் பாய் ஒப்ப மாட்டார், அரிசியும் உளுந்தும் போட்டு அரைக்க வேண்டும். அரைத்தால் மாவு வரும். மாவு சும்மா கிடைக்கிறது என்றால் தெருவே வரும். முதலாளியின் மனைவி, அவர் தங்கை, எதிர்வீட்டார், பக்கத்துப் பட்டறைக்காரர்கள் என்று ஆளுக்கொரு போசிப் பாத்திரத்தோடு சுவரோரம் வரிசையாக நின்றார்கள்.

"கிரைண்டர் ஓடறப்ப ஒருத்தரும் பேசக்கூடாதுங்க" என்று கண்டிப்பாகச் சொன்னேன். பிறகு பெரிய ஆரஞ்சு நிறக் காதடைப்பானை மாட்டிக்கொண்டு, அவர்களுக்கு முதுகைக் காட்டி மீட்டர் முன்னால் நின்றேன். (மாவரைக்கிற கல்லுக்கு அது தேவையே இல்லை. ஏதோ படத்தில் ஒரு வெள்ளைக்காரர் மாட்டியிருந்தார்.)

கிரைண்டர் ஓடியது. அறுபத்தாறு. நிறுத்தினேன். எழுபத்தெட்டு.

மூளை உள்ள யாரும் இந்த இடத்தில் திரும்பிப் பார்த்திருப்பார்கள். நான் இரண்டு எண்களையும் உரக்கப் படித்தேன். பாய் எதிரே வந்து ஏதோ கேட்டார். ஒரு பக்கக் காதை மட்டும் திறந்தேன். பெரியவர் பேசுகிறாரே என்று அந்நேரம் எல்லோரும் வாயை மூடியிருந்தார்கள்.

"அப்ப மெஷின் ஓடுனா சத்தம் கொறையுதுங்களா?"

"மீட்டர் பொய் சொல்லாதுங்க பாய்."

முதலாளி முகம் மலர்ந்தது. "பாத்தீங்களா, நம்ம கிரைண்டரு வெளிச்சத்தத்தையும் சேத்து அரைச்சுப்போடுதுங்க."

பாய் சிரிக்கவில்லை. "இன்னொருக்கா போடுங்க" என்றார். போட்டேன். நிறுத்திய நொடியில் என் தலையிலிருந்து காதடைப்பானை அவரே கழற்றினார்.

"ஏனுங்க, மாவு பதமா வந்துருச்சுங்களா?"

"எங்க போசிக்கு மொதல்ல ஊத்துங்க அம்மணி."

"உப்புப் போட்டாச்சுங்களா?"

அத்தனை பேரும் ஒரே நேரத்தில். ஓடும்போது பேசக்கூடாது என்றுதானே சொல்லியிருந்தேன்? அடக்கி வைத்ததையெல்லாம் நிறுத்தியதும் கொட்டித் தீர்த்தார்கள். வேலை போயிற்று என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

எல்லோரையும் வெளியே அனுப்பினோம், முதலாளி உட்பட. (அவர் கையிலும் ஒரு போசி இருந்தது.) மறுபடி அளந்தேன். நிறுத்தியபோது நாற்பத்தைந்து, ஓடும்போது அதே அறுபத்தாறு.

பாய் வெளியே போய் முதலாளியிடம் சொன்னார்: "எல்லாரும் நம்பரைக் கொறைச்சுத்தான் படிப்பாங்க. இந்தப் புள்ள தன் மானம் போற நம்பரையும் சத்தமாப் படிச்சுது. இது எழுதறத நம்பலாமுங்க."

ஆர்டர் வந்தது, வேலையும் நிரந்தரமானது. முதலாளி என் கல்யாணத்துக்கு வந்து, மாப்பிள்ளை வீட்டாரிடம் இந்தக் கதையைப் பந்தி பந்தியாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அதன் பலன் இன்றும் ஓய்ந்தபாடில்லை. நான் போனில் யாரிடமாவது குரலை உயர்த்தினால் போதும், சமையலறையிலிருந்து என் மகள் என் வீட்டுக்காரரிடம் கேட்பாள்: "அப்பா, ஊடு சத்தமா இருக்குதுங்க. கிரைண்டரப் போட்டுடட்டுங்களா?"

போட்டும் விடுவாள். அது ஓடுகிறவரை நானும் பேசுவதில்லை.