திரைக்கு அந்தப் பக்கம் கணக்கு மாஸ்டர்

“எனக்குக் கணக்கு வேணும், மிஸ்.”

கேட்டேவிட்டாள் பாயிஸா. காலையில் கெலிஓயாவில் பஸ் ஏறும்போதுகூட உம்மா எச்சரித்திருந்தாள்: “கணக்க மட்டும் கேட்டுராத மகள். அதப் படிச்சுக்குடுக்க ஆம்பிளதான் வரும்.”

தலைமையாசிரியை மிஸ் ஆசீர்வாதம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “தையல் இருக்கு, பாட்டு இருக்கு. கணக்கு எதுக்கம்மா?”

“கணக்கு இல்லாம லண்டன் மெற்றிக் சோதனை இல்ல. மெற்றிக் இல்லாம கொழும்பு யுனிவர்சிட்டி காலேஜ் இல்ல.”

கண்டியின் அந்தப் பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுக்க ஈ காக்கைகூடக் கிடையாது. பக்கத்து ஆண்கள் பள்ளிக்கூடத்திலிருந்து திருச்செல்வம் மாஸ்டர் சனிக்கிழமைதோறும் வர ஏற்பாடாயிற்று. வாப்பா ஒரே நிபந்தனை போட்டார்: நடுவில் திரை.

திரை வந்தது. கரும்பலகை மாஸ்டர் பக்கம் மாட்டிக்கொண்டது. பாயிஸா கண்டதெல்லாம் பூப்போட்ட சீத்தைத் துணி. பலகையை அவள் பக்கம் இழுத்தார்கள். இப்போது மாஸ்டருக்கு ஒன்றும் தெரியவில்லை. அவள் எழுதுவதை அவருக்கு எடுத்துச் சொல்ல, பள்ளிக்கூட ஆயா ராக்கம்மாவைத் திரையோரம் நிறுத்தினார்கள். இரு பக்கமும் பார்க்க உரிமை பெற்ற ஒரே ஜீவன் அவள்தான்.

“என்ன கீறியிருக்கிறா?” என்றார் திரைக்கு அப்பாலிருந்து மாஸ்டர்.

“ஒரு ரொட்டிங்கய்யா. அதுக்குள்ள கூடாரம் அடிச்சிருக்கு.”

“வட்டத்துக்குள்ள முக்கோணம்!” என்று கத்தினாள் பாயிஸா.

“ஓம், ஓம். எப்பிடி நிறுவினீர்? சொல்லும்.”

சொன்னாள்.

“இன்னொருக்கா. ஆறுதலா, மெல்ல மெல்லச் சொல்லும்.”

சொன்னாள்.

“கடைசி வரிக்கு முந்தின வரி?”

பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். மூன்று மாதமாக இதே கூத்து. புத்தகத்தோடு முட்டி மோதி அவளே படித்துவர வேண்டியது. அந்த மனுஷர் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டியது. செவிடா? அல்லது ஒரு பெண் சரியாகச் சொல்வாள் என்று நம்ப மனமில்லையா?

மெற்றிக் சோதனைக்கு விண்ணப்பம் அனுப்பும் நாள் நெருங்கியது. மிஸ் ஆசீர்வாதம் கூப்பிட்டனுப்பினார்.

“மாஸ்டர் எழுதியிருக்கார். ஒவ்வொண்ணையும் உன்னைப் பத்துத் தடவை சொல்லவைக்க வேண்டியிருக்காம். வகுப்பு இன்னும் ஒரு வருஷம் நடக்கணுமாம். இந்த வருஷம் உன் பேரை அனுப்ப மாட்டேன்.”

“ஒண்டாவது பிழையாச் சொன்னனா, மிஸ்?”

“அது எனக்கெப்படித் தெரியும்? எனக்குக் கணக்கே வராது.”

பாயிஸாவுக்கு வந்த கோபத்தில் காது சுட்டது. கணக்குத் தெரியாதவர் தீர்ப்புச் சொல்கிறார்; கணக்குத் தெரிந்தவள் நின்று கேட்கிறாள்! மேசைமேல் கிடந்த வெற்று விண்ணப்பத்தை உருவினாள். மிஸ்ஸின் பேனாவாலேயே தன் பெயரை எழுதினாள். பள்ளிக்கூடத்தின் பெயர் கேட்ட இடத்தில் ‘தனிப் பரீட்சார்த்தி’ என்று போட்டாள்.

“பாயிஸா! யாரைக் கேட்டு?”

“இத்தன நாளும் கேட்டது போதும், மிஸ்.”

தபால் கந்தோருக்குப் போகப் படியிறங்கியவளின் பின்னால் ராக்கம்மா மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

“பாப்பா, மாஸ்டரய்யா மேல கோவிச்சுக்காதீங்க. நீங்க வேகமா சொன்னா அவரு எப்படிக் கொப்பியில எழுதிக்கிறது? பாவம், ரெண்டு தடவ கணக்குல கோட்டைவிட்டு, இந்த வருசமும் நீங்க எழுதப்போற அதே சோதனைக்குத்தான் பேரு குடுத்திருக்காரு.”