ஒரு முழம் தள்ளாமல்

மூன்று ஆறுகளும் ஒன்றுசேர்கிற திருமுக்கூடலில் ரங்கநாத் போய் நின்றபோது அங்கே ஓர் ஆறுகூட இல்லை.

மணல் இருந்தது. மணலின் மேல் லாரிகளின் தடம் இருந்தது. தூரத்துப் பள்ளத்தில் பச்சையாய்க் கொஞ்சம் தண்ணீர் தேங்கி, அதில் ஓர் எருமை படுத்திருந்தது. ரங்கநாத்தின் கையில் வெள்ளைத் துணியால் வாய்கட்டிய சின்ன மண்கலயம். நில அளவைத் துறையில் முப்பத்தாறு வருடம் சங்கிலி பிடித்து ஓய்வுபெற்ற அவன் அப்பா சக்ரவர்த்தி, அந்தக் கலயத்துக்குள் சாம்பலாக இருந்தார்.

"ஏம்பா, பாலாறும் செய்யாறும் வேகவதியும் எந்த இடத்துல சேர்றது?"

லாரி நிழலில் டீ குடித்துக்கொண்டிருந்த மணல் ஏற்றும் முனுசாமி நிதானமாக யோசித்தார்.

"எந்த வருஷத்து ஆத்தைக் கேக்கற சார்? நான் சின்னப் புள்ளையா இருக்கச்சொல்ல அந்தப் பனமரத்தாண்ட. அப்பால ஒரு வெள்ளம் வந்துச்சு, இங்க வந்துடுச்சு. இப்ப லாரி எந்தப் பக்கம் போவுதோ, அதான் ஆறு."

"தோராயமா சொல்ல முடியாதா?"

"தோராயமா பாத்தா இந்த தாலுக்கா பூரா ஆறுதான் சார்."

தோராயம் உதவாது. அதுதான் சிக்கல். "மூணு ஆறும் சேர்ற இடத்துல கரைச்சுடு. சரியா அந்த இடம். ஒரு முழம் தள்ளினாலும் எனக்கு ஒட்டாது" என்று அப்பா ஆஸ்பத்திரியில் அம்மாவிடம் சொல்லிவிட்டு, ரங்கநாத் புணேயிலிருந்து வந்து சேர்வதற்குள் போய்விட்டார். ஊரார் வரப்புகளை அரையடி அரையடியாக நகர்த்தி வைத்த மனிதர் சொல்லக்கூடியதுதான்.

அம்மா அம்ருதவல்லி தன் பங்குக்கும் ஒன்று சொன்னாள். "அது ஆகற வரைக்கும் எனக்குச் சோறு வேண்டாம்டா. காலம்பற ஒரு டம்ளர் பால், சாயங்காலம் ஒரு டம்ளர் பால். அவ்வளவுதான்."

அம்மாவுக்கு எழுபத்திரண்டு வயது. சர்க்கரை வேறு.

ரங்கநாத் ஒரு பம்பு கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருந்தான். எதையும் வரிசை எண் போட்டுச் செய்கிறவன். பதினான்கு நாள் விடுப்புக்கு மூன்று வேலை குறித்துக்கொண்டு வந்திருந்தான். ஒன்று, காரியங்கள். இரண்டு, சின்னக் காஞ்சிபுரம் வீட்டை விற்க ஏற்பாடு. மூன்று, அம்மாவைக் கையோடு புணேவுக்கு அழைத்துப்போவது. இரண்டாவதைப் பேச வாயெடுத்தபோதெல்லாம் அம்மா பால் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"மொதல்ல அப்பா கரையட்டும்."

"பேசாம மகாபலிபுரம் போய்க் கடல்ல கரைச்சுடட்டுமாம்மா? எல்லா ஆறும் கடைசில அங்கதானே போறது?"

"அப்பாவுக்கு உப்பு ஆகாதுடா. பிரஷர்."

காரியம் செய்துவைக்கிற வாத்தியார் மட்டும் கொஞ்சம் ஆறுதலாகப் பேசினார். "தண்ணி இல்லேன்னா பரவாயில்லை. மணலுக்கு அடியில நதி ஓடிண்டுதான் இருக்கு. இடம் சரியா இருக்கணும், அவ்வளவுதான்."

ஆறாம் நாள் ரங்கநாத் பரணிலிருந்து அப்பாவின் பழைய வரைபடங்களை இறக்கினான். ஒன்றில் மூன்று நீலக் கோடுகள் கூடுகிற இடத்தில் அப்பாவே பென்சிலால் புள்ளி வைத்து, அட்சரேகை, தீர்க்கரேகை எல்லாம் எழுதியிருந்தார். ரங்கநாத்துக்குக் கண் கலங்கிற்று. இடம் கிடைத்துவிட்டது.

ஏழாம் நாள் போய்ப் பார்த்தால், புள்ளி விழுந்த இடம் மணல் அள்ளுகிற பெரும்பள்ளத்தின் நடுவில். ஓரத்தில் கம்போடு ஒருவன்.

"உள்ள யாரும் போவக்கூடாது. பானைல இன்னா?"

"எங்கப்பா."

அவன் கலயத்தையும் ரங்கநாத்தையும் மாறி மாறிப் பார்த்தான். "அவரும் போவக்கூடாது."

வீடு திரும்பினால் அம்மா கூடத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ஒரு வாரப் பட்டினியில் ஒரு சுற்றுகூட இளைக்காதது ரங்கநாத்தை இன்னும் பயமுறுத்தியது. உடம்பு ஊதுகிறது என்று நினைத்துக்கொண்டான்.

"ஒரு வாய் ரசம் சாதமாவது சாப்பிடேம்மா."

"அவர் அங்க கலயத்துக்குள்ள மூச்சு முட்டிண்டு இருக்கார். எனக்கு ரசம் இறங்குமா?"

அன்று துக்கம் கேட்க வந்தவன் வரத். ரங்கநாத்தின் அத்தை பேரன். பஸ்ஸில் இரண்டு மணி நேரத் தொலைவில் ஒரு விமானப் பயிற்சிப் பள்ளியில் ஆசிரியர். இருபத்தேழு வயது.

"தரை வழியா விடலேன்னா மேலேர்ந்து போட்டுடலாம் மாமா. எங்ககிட்ட ரெண்டு சீட் பிளேன் ஒண்ணு இருக்கு. பயிற்சின்னு எழுதிட்டு எடுத்துடலாம்."

"மேலேர்ந்து பாத்தா எல்லாம் மணல். அந்தப் புள்ளி எதுன்னு எப்படித் தெரியும்?"

வரத் இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தவன்போல் பையிலிருந்து சிலேட்டு மாதிரி ஒரு கம்ப்யூட்டரை எடுத்தான். விரலுக்குப் பதில் பேனாவால் தொட வேண்டும். கனம் இரண்டு கிலோ.

"இது டேப்லட். இதுல வழி காட்டற புரோகிராம் இருக்கு. புள்ளியைக் கொடுத்தா சாட்டிலைட்டைப் பார்த்து வழி சொல்லும். பிளேன்ல ஆட்டோபைலட் இருக்கு. அதுக்குத் திருப்பத் தெரியும், வழி தெரியாது. இதுக்கு வழி தெரியும், கை கிடையாது. நடுவுல ஒரு ஒயரைப் போட்டா ஒரு முழு மனுஷன்."

"இதுவரைக்கும் போட்டிருக்கியா?"

"போடணும்னு ரொம்ப நாளா ஆசை மாமா."

ரங்கநாத் அந்த இடத்தில் எழுந்து போயிருக்க வேண்டும். உள்ளே அம்மா இருமினாள். அவன் உட்கார்ந்துவிட்டான்.

ஒயர் செய்ய, பெரிய காஞ்சிபுரத்தில் பஞ்சாட்சரத்தைப் பிடித்தான். பட்டுப்புடவைக் கரை டிசைனுக்காக அட்டையில் ஓட்டை குத்துகிற மிஷின்களையும் கம்ப்யூட்டர்களையும் இணைத்துக் கொடுக்கிறவர்.

"என்கிட்ட வந்த ரெண்டு மிஷின் பேசிக்காம போனதா சரித்திரமே இல்ல சார்."

ஒன்பதாம் நாள் விமானத்தைத் தரையில் நிறுத்தி ஒயரைச் செருகினார்கள். ஆட்டோபைலட் 'தகவல் இல்லை' என்றது. ரங்கநாத் பஞ்சாட்சரத்துக்குப் போன் செய்தான்.

"ரெண்டும் பேசுது சார். எதுவும் கேக்கல. இவன் வாய் அவன் வாயோட சேந்துருக்குது. எங்க வூட்ல தினம் நடக்கறதுதான். ரெண்டாம் நம்பர் கம்பியையும் மூணாம் நம்பரையும் மாத்திக்கினா வாய் காதோட சேந்துடும்."

மாற்றினார்கள். இப்போது தகவல் வந்தது, குப்பையாக. பஞ்சாட்சரம் மறுபடி விளக்கினார். "இவன் வேகமாப் பேசறான், அவன் மெள்ளக் கேக்கறான். பேசறவன் வேகத்தைப் பாதியாக் குறைங்க."

குறைத்தார்கள். ஆட்டோபைலட்டில் பச்சை விளக்கு எரிந்தது. நின்ற இடத்திலேயே விமானத்தின் இறக்கை ஓரத்து மடிப்பு, யாரும் தொடாமல், லேசாக அசைந்தது. ரங்கநாத் ஓரடி பின்னால் நகர்ந்தான். வரத் கைதட்டினான்.

வாத்தியாரிடம் போய்ச் சொன்னபோது அவர் ஒரு விஷயம் கேட்டார். "எந்தப் பக்கமா சுத்தி வரது?"

"வலமா. வடக்கு பாத்து."

"ஐயையோ. பித்ரு காரியம்டா. இடமா வரணும். தெற்கு பாத்து விடணும். பூணூலையே இடம் மாத்திப் போட்டுக்கறோம், பிளேனை மாத்த முடியாதா?"

மாற்ற முடியும். டேப்லட்டில் வழியைத் தலைகீழாக்க ஒரு பொத்தான் இருந்தது. பன்னிரண்டாம் நாள் காலை, ரங்கநாத் விமானத்தில் ஏறியதும் முதல் வேலையாகப் பேனாவால் அதைத் தொட்டுவிட்டு, தன் குறிப்பேட்டில் 'வழி மாற்றியாயிற்று' என்று எழுதி டிக் போட்டான். முந்தின நாளே வாத்தியார் வரத்துக்கும் போன் செய்து சொல்லி, வரத்தும் மாற்றி வைத்திருந்தது அவனுக்குத் தெரியாது. இரண்டு முறை தலைகீழானது நேராக நின்றது.

மூவாயிரம் அடியில் வரத் கையை எடுத்துவிட்டு மார்பில் கட்டிக்கொண்டான். "பாருங்கோ மாமா, தானாப் போறது."

ரங்கநாத் பார்க்கவில்லை. கலயத்தை மடியில் அணைத்தபடி கண்ணை மூடிக்கொண்டிருந்தான். பன்னிரண்டு நாள். இருபத்து நான்கு டம்ளர் பால். இது தவறினால் அம்மாவுக்கும் இதேபோல் ஒரு கலயம் வாங்க வேண்டியதுதான். அவனால் வேறெதையும் நினைக்க முடியவில்லை.

கண்ணைத் திறந்தபோது சூரியன் தப்பான பக்கத்தில் இருந்தது.

"வரத்! இது வலமாப் போறதுடா!"

"நான்தான் மாத்தி வெச்சேனே?"

"நீயா? நான்னா மாத்தினேன்!"

இருவரும் ஒரே சமயத்தில் டேப்லட்டின் மேல் பாய்ந்தார்கள். ஒயர் பிடுங்கிக்கொண்டது. ஆட்டோபைலட் கடைசியாகக் கேட்ட உத்தரவையே பிடித்துக்கொண்டு வலப்பக்கம் வட்டமடிக்க ஆரம்பித்தது. ஒன்று, இரண்டு, மூன்று. சக்ரவர்த்தி திருமுக்கூடலை மங்களகரமாகப் பிரதட்சிணம் செய்தார்.

"நிறுத்துடா!"

வரத் ஆட்டோபைலட்டை அணைத்துக் கையால் திருப்பினான். மூக்கு தெற்கே திரும்பியது. "இதுக்கு மேல சரியா வராது மாமா. பெருமாளை வேண்டிண்டு கொட்டுங்கோ!"

ரங்கநாத் ஜன்னலைத் திறந்து, துணியை அவிழ்த்து, கலயத்தைக் கவிழ்த்தான்.

மணிக்கு நூற்றெண்பது கிலோமீட்டர் வேகத்தில் எதிர்க்காற்று அப்பாவை அப்படியே திருப்பி அனுப்பியது. முகம், தலை, மூக்கு, டேப்லட், எங்கும் அப்பா. ரங்கநாத் இருமினான். பக்கத்தில் வரத் கூவினான்.

"மாமா! கண்ணு தெரியலை! தாத்தா கண்ணுல பூந்துட்டார்!"

விமானம் ஒரு பக்கமாகச் சரிந்தது. ஜன்னலில் வானம் இருந்த இடத்துக்கு மணல் வந்தது. ரங்கநாத்துக்குத் தன் பெயரைத் தவிர எல்லாம் மறந்துவிட்டது. ஆனால் விரல்கள் மறக்கவில்லை. தொங்கிய ஒயரைப் பிடித்து, பல்லில் அப்பா கரகரக்க ஊதிச் சுத்தம் செய்து, டேப்லட்டில் செருகினான்.

"பச்சை எரியறதா?" என்று கேட்டான் வரத், கண்ணை மூடியபடி.

"எரியறது."

"ஆட்டோபைலட் பொத்தானை அமுக்குங்கோ. இனிமே எதையும் தொடாதேள்."

விமானம் நிமிர்ந்தது. காரியத்துக்காகக் கொண்டுவந்திருந்த துளசி தீர்த்தச் சொம்பைக் கவிழ்த்து ரங்கநாத் வரத்தின் கண்களைக் கழுவினான். அந்த நேரத்தில், யாரும் திருப்பாமல், விமானம் தானாகவே வளைந்து, டேப்லட்டின் நீலக்கோட்டைப் பிடித்துக்கொண்டு, அப்பா பென்சிலால் வைத்த புள்ளியின் மேல், ஒரு முழம் தள்ளாமல், மிக அழகாகப் போயிற்று.

கலயத்தில் ஒன்றும் இல்லை.

ரங்கநாத் சட்டையைக் கழற்றி, சுருட்டி, ஜன்னல் வழியே வீசினான். அது பிரிந்து இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு கீழே இறங்கியது. அதில் அப்பா எவ்வளவு இருந்தார் என்று அவனால் குறிக்க முடியவில்லை. குறிப்பேட்டில் அந்தக் கட்டத்தில் டிக் போடவும் இல்லை.

இறங்கிய பிறகு இருவரும் சக்கரத்தடியில் உட்கார்ந்தார்கள். எழுந்திருக்க அரைமணி ஆயிற்று. மிச்சத்தை வரத் ஒரு தூரிகையால் கூட்டிக் கொடுத்தான். இரண்டு தேக்கரண்டி இருக்கும். அதைத் திரும்புகிற வழியில் பாலாற்றுப் பாலத்தில் பஸ் நின்றபோது ரங்கநாத் ஜன்னல் வழியே விட்டான். மூக்கைச் சிந்துகிறானென்று பக்கத்து சீட்டுக்காரர் திட்டினார்.

வீட்டில் அம்மா வாசலுக்கு வந்தாள்.

"ஆச்சாடா?"

"ஆச்சும்மா. சரியா அந்த இடத்துல." பிறந்ததிலிருந்து அம்மாவிடம் அவன் சொன்ன முதல் பொய். "ஒரு முழம்கூடத் தள்ளலை."

அம்மா அவனையே பார்த்தாள். அவன் புருவத்தில் ஒட்டியிருந்த சாம்பலைத் தலைப்பால் துடைத்தாள். துடைத்த தலைப்பைக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தாள். பிறகு, "இலை போடு, நீயும் உக்காரு" என்றாள். அவள் மோர்சாதத்தை வழித்துச் சாப்பிடுவதைப் பார்த்து ரங்கநாத், பன்னிரண்டு நாளில் முதல் தடவையாக, வாய்விட்டு அழுதான்.

மறுநாள் துக்கம் முடிக்கிற சுபஸ்வீகாரம். அதற்கு மறுநாள் ரயில். வீட்டைப் பற்றியும் புணேயைப் பற்றியும் பேச நேரமே இருக்கவில்லை. "அடுத்த லீவுல எல்லாம் பேசிக்கலாம், ஜாக்கிரதையாப் போயிட்டு வா" என்று அம்மா கையில் புளியோதரைப் பொட்டலத்தைத் திணித்து வாசலோடு நின்றுகொண்டாள்.

தெருமுனை வரைக்கும் பையைத் தூக்கிக்கொண்டு வந்தது, பத்து வருடமாகக் கொல்லைப்பக்கம் பாத்திரம் தேய்க்கிற மரியம்மாள். ஆட்டோவில் உட்கார்ந்து ரங்கநாத் கையைக் கூப்பினான்.

"மரியம்மா, அம்மாவைப் பாத்துக்கோ. இனிமே இந்த மாதிரிப் பட்டினி கிடந்தா தாங்கமாட்டா."

மரியம்மாள் பிளேனில் அவன் கையில் பட்ட சிராய்ப்பையும், இன்னும் சிவந்திருந்த கண்களையும் பார்த்தாள். தெருவின் அந்தக் கோடியைத் திரும்பிப் பார்த்துக்கொண்டாள். பிறகு ஆட்டோவுக்குள் தலையை நீட்டி, மனம் தாளாமல் சொன்னாள்:

"பாவம் சார் நீங்க, அம்மாவுக்கு வேளைக்கு நாலு இட்லி நான் கொல்லப்பக்கமா எடுத்துக்கினு வந்து குடுத்தது தெரியாம பிளேன்ல எல்லாம் ஏறிட்டீங்க, அடுத்த லீவுக்கு வரச்சொல்ல முன்னாடியே ஒரு போன் போட்டுடுங்க, ஐயாவோட கடைசி ஆசைய அடுத்த வாட்டி கொஞ்சம் சுளுவா யோசிக்கச் சொல்றேன் அம்மாவ."