அக்காவின் கையில் எங்கள் வீட்டுப் பொயிலர்

பிராண்டே, டென்மார்க்

பேரன்பும் பெருங்கோபமும் கொண்ட கொக்குவில் அக்காவுக்கு,

தம்பி தவராஜா வணக்கத்துடன் எழுதுவது. நானும் தங்கராணியும் நலம். உங்கள் நலத்தை விசாரிக்கலாம் என்றால், நான் பொயிலரின் கடவுச்சொல்லை மாற்றிய நாளிலிருந்து நீங்கள் தொலைபேசியை எடுப்பதில்லை. குடும்ப வாட்ஸ்அப் குழுவிலிருந்தும் வெளியேறிவிட்டீர்கள். உங்களுடன் கதைக்காமல் எனக்குச் சாப்பாடு இறங்குவதில்லை. அதனால்தான் தபாலில் நடந்ததை முறையாக விளக்குகிறேன்.

வீட்டைச் சூடாக்கும் காஸ் பொயிலருக்கு, கைத்தொலைபேசியால் இயக்கும் கருவி ஒன்று வாங்கினேன். நானே பூட்டலாம் என்று ஸ்குரூடிரைவருடன் போனால், தங்கராணி பொயிலருக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றாள். "கரண்டும் காஸும் ஒண்டா இருக்கிற பெட்டி இது. உங்கட விளையாட்டைப் பழைய றேடியோவோட வைச்சுக்கொள்ளுங்கோ" என்றாள். எலெக்ட்றீசியன் வந்தார். முதலில் மெயின் சுவிட்சை நிறுத்தி, மின்சாரம் இல்லை என்று சோதித்துப் பார்த்து, அதன் பிறகுதான் மூடியைக் கழற்றினார். இந்தப் பக்கம் வீட்டு மின்சாரம், அந்தப் பக்கம் கருவியின் கம்பிக்கான சிறு மின்சாரம், மாற்றிப் பூட்டினால் பொயிலரின் மூளை கருகிவிடும் என்றார். நான் மாற்றித்தான் பூட்டவிருந்தேன் என்பதைத் தங்கராணிக்கு இன்றுவரை சொல்லவில்லை.

எல்லாம் பத்திரமாக முடிந்தது. அத்தோடு நான் சும்மா இருந்திருக்கலாம். பெருமை யாரை விட்டது? கருவியின் படத்தையும் கடவுச்சொல்லையும் குடும்பக் குழுவில் போட்டேன். நீங்கள் உடனே செயலியை இறக்கி, "ஐயோ, தம்பி வீட்டில பத்தொன்பதுதான் காட்டுது, பிள்ளை விறைச்சுப் போகப்போறான்" என்று முப்பதுக்கு ஏற்றினீர்கள். நான் குறைக்க, நீங்கள் கூட்ட, அங்கே கொக்குவில் வெக்கையில் மின்விசிறிக்குக் கீழே வியர்த்துக்கொண்டிருந்த நீங்கள் இங்கே எங்களைப் புட்டுப்போல அவித்தீர்கள். வெளியே பனி கொட்டுகிறது, உள்ளே நான் யன்னலெல்லாம் திறந்துவிட்டு இடுப்பில் வெறும் சாரத்துடன் நிற்கிறேன். கோப்பி குடிக்க வந்த பக்கத்து வீட்டு டேனிஷ்காரர் ஸ்வெட்டரைக் கழற்றினார், சட்டையைக் கழற்றினார், அடுத்ததில் கை வைத்தபோது தங்கராணி குசினிக்குள் ஓடிவிட்டாள். "கரண்டிட்ட இருந்து காப்பாத்த எலெக்ட்றீசியன் வந்தார். மச்சாளிட்ட இருந்து காப்பாத்த ஆர் வருவினம்?" என்று அவள் கேட்டாள். உடனே கடவுச்சொல்லை மாற்றினேன்.

அக்கா, ஒரு வீட்டுப் பொயிலர் அந்த வீட்டார் கையில்தான் இருக்க வேண்டும். இதில் நான் மலைபோல உறுதியாக இருக்கிறேன். புதிய கடவுச்சொல்லை அத்தான் கேட்டாலும் தரமாட்டேன். கோபத்தை விட்டு ஒரு தடவை தொலைபேசியை எடுங்கள்.

அத்தானுக்கு என் அன்பு. உங்கள் மின்விசிறி தடையின்றிச் சுழல நல்லூரானை வேண்டும்,

சொன்ன சொல் மாறாத தம்பி,
தவராஜா

பி.கு.: தங்கராணி முத்திரை எடுக்கப் போன நேரத்தில் இதை எழுதுகிறேன். வீட்டில் யாருமில்லாத நேரம் சூட்டைக் குறைத்துவிட்டுத்தான் போவோம். நேற்று வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தால் வீடு சில்லென்று கிடந்தது. முந்தியெல்லாம் நான் வரும் நேரம் பார்த்து நீங்கள்தான் சூடேற்றி வைத்திருக்கிறீர்கள் என்று அப்போதுதான் விளங்கியது. சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் நின்று அழுதுவிட்டேன். புதிய கடவுச்சொல் உங்கள் பெயரும் பிறந்த வருடமும்தான். மாற்றும்போது வேறொன்றும் கைக்கு வரவில்லை. தங்கராணிக்குத் தெரிய வேண்டாம். இருபத்திரண்டுக்கு மேல் ஏற்றாதீர்கள். இந்தக் கடிதம் உங்களிடம் வந்து சேரும்போதும் இங்கே குளிராகத்தான் இருக்கும்.