ஹாஜியார் உரசிப் பார்த்த தங்கம்

எங்கள் கரையோரத்து ஊர்களில் 'தங்கம்' என்ற சொல்லை வசனத்தின் நடுவில் வைத்துப் பேசக் கூடாது. அதற்கு முன்னால் சொன்னதும் பின்னால் சொன்னதும் யார் காதிலும் ஏறாது. இது தெரியாமல்தான் நான் சாய்ந்தமருதில் எங்கள் வீட்டுக் குசினியில் நின்றுகொண்டு, என் பல்கலைக்கழக ஆய்வை உம்மாவுக்கு விளக்கினேன்.

"சிலிக்கன் தகட்டில தங்க நனோத் துணிக்கைகள ஒட்டுறன் உம்மா. சிலிக்கன் சும்மா தங்கத்தப் பிடிக்காது. அதால முதல்ல ஒரு இரசாயனத்தப் பூசுற. அதுட ஒரு முனை சிலிக்கனப் பிடிச்சிக்கும், மத்த முனை தங்கத்தப் பிடிச்சிக்கும்."

(கலியாணத் தரகர் மாதிரி என்றும் சேர்த்துச் சொன்னேன். அந்த உதாரணம்தான் உம்மாவுக்கு வேறு யோசனையைக் கொடுத்திருக்க வேண்டும்.)

அடுத்த கிழமை ஒரு கலியாண வீட்டில் உம்மா அதைச் சுருக்கிச் சொல்லியிருக்கிறார்: "மகனுக்குக் கம்பஸில தங்க வேல."

அதைக் கேட்டுக்கொண்டிருந்தவர் கல்முனையில் நகைக்கடை வைத்திருக்கும் ஹாஜியாரின் மனைவி. அவர்களுக்கு ஒரே மகள், பெயர் நஸ்ரினா. எங்கள் பகுதியில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டில் போய்க் குடியிருப்பது வழக்கம். வீட்டுக்குள் எடுக்கப்போகும் பொருள் என்பதால் பெண் வீட்டார் மாப்பிள்ளையை ஆற அமரப் பார்ப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை ஹாஜியாரும் மனைவியும் வந்து இறங்கினார்கள்.

அன்று மாலை பஸ்ஸில் நான் கொழும்புக்குப் போக வேண்டியிருந்தது. தங்கம் உண்மையிலேயே ஒட்டியிருக்கிறதா என்பதை அங்குள்ள இலத்திரன் நுணுக்குக்காட்டியில்தான் பார்க்கலாம். பல மாதம் பழுதாகிப் பழுதாகிக் கடைசியில் உருப்படியாக வந்த ஒரேயொரு தகடு, நகத்தளவு, ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள் என் மேசையில் இருந்தது. மிஞ்சிய தங்கக் கரைசல் ஒரு சின்னப் போத்தலில்.

வட்டிலப்பம் வைக்கப்பட்டது. ஹாஜியார் கரண்டியை எடுக்காமல் கேட்டார்: "தம்பி தங்கத்தில வேல செய்றீங்களாம்?"

அதுவரை என் ஆய்வைப் பற்றி ஒருவரும் தானாகக் கேட்டதில்லை. சக மாணவர்கள்கூட நான் வாயைத் திறந்தால் கன்டீனுக்குப் போய்விடுவார்கள். ஆகவே நான் உள்ளே ஓடிப்போய்த் தகட்டையும் போத்தலையும் கொண்டுவந்தேன். நடக்கவில்லை, ஓடினேன்.

ஹாஜியார் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு தகட்டைப் பார்த்தார்.

"தங்கம் எங்க?"

"அதுக்கு மேலதான் இரிக்கி."

திருப்பினார். "இந்தப் பக்கமா?"

"இல்ல, முதல் பாத்த பக்கம்."

"எனக்கு என்ட மூக்குத்தான் தெரியிது."

"கண்ணுக்குத் தெரியாது ஹாஜியார். மிச்சம் சின்னது."

"அப்ப ஒட்டியிரிக்கிற எண்டு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எனக்கும் இன்னும் தெரியாது. அதப் பாக்கத்தான் கொழும்புக்குப் போறன்."

அவருடைய மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். உம்மா வட்டிலப்பத் தட்டை அவசரமாக முன்னால் தள்ளினார். புத்தியுள்ளவனாக இருந்தால் அந்த இடத்தில் நானும் வட்டிலப்பம் சாப்பிட்டிருப்பேன். ஆனால் நான் போத்தலைத் தூக்கிக் காட்டினேன்.

"இதுக்குள்ளயும் தங்கம்தான் இரிக்கி."

"இது சிவப்பு."

"இவ்வளவு சின்னதானாத் தங்கம் சிவப்பாத்தான் தெரியும்."

வாழ்நாள் முழுக்க மஞ்சள் தங்கம் விற்ற மனிதர் போத்தலை உற்றுப் பார்த்தார். அதை நான் ஆர்வம் என்று எடுத்துக்கொண்டேன். உப்புப் போட்டால் துணிக்கைகள் ஒன்றோடொன்று சேர்ந்து நிறம் மாறும், அதைக் கண்ணால் கண்டால் நம்புவார் என்று ஒரு துணிச்சல். உம்மாவிடம் உப்பு வாங்கிப் போத்தலுக்குள் போட்டுக் குலுக்கினேன். சிவப்பு ஊதாவாகி, பிறகு நல்ல நீலமானது.

"பாத்தீங்களா" என்றேன். ஹாஜியாரின் மனைவி போத்தலைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார், ஷைத்தானிடமிருந்து காவல் தேடும் 'அஊது பில்லாஹ்'வை மெதுவாக ஓதிக்கொண்டு.

நான் அவருக்கு நீலத்தை விளங்கப்படுத்திக்கொண்டிருந்தபோது எனக்குப் பின்னால் 'டிக்' என்று ஒரு சத்தம். ஹாஜியார் சட்டைப் பையில் இருந்த உரைகல்லை எடுத்து, என் தகட்டை அதில் உரசியிருக்கிறார். தகடு இரண்டாக உடைந்து கிடந்தது. அவர் கல்லை வெளிச்சத்தில் பிடித்து, மரணச் செய்தி சொல்பவரைப் போலத் தணிந்த குரலில் சொன்னார்:

"ஒண்டும் விழல்ல தம்பி."

அவர்கள் போன பிறகு உம்மா மிஞ்சிய வட்டிலப்பத்தை எனக்குத் தராமல் எடுத்து வைத்துவிட்டார். அசர் தொழுகைக்கு முன்பே செய்தி கல்முனைச் சந்தை வரைக்கும் போய்விட்டது. ஒரு மாமி வெள்ளிக் காப்பு ஒன்றைக் கொண்டுவந்து, "கண்ணுக்குத் தெரியிற மாதிரிக் கொஞ்சம் ஒட்டித் தாங்க மகன்" என்று கேட்டார்.

உடைந்த துண்டுகளோடுதான் பஸ் ஏறினேன். வழி முழுக்க எனக்குக் கலியாணத்தைப் பற்றிய கவலையே வரவில்லை. ஆய்வு போய்விட்டதே என்றுதான் கண் கலங்கியது. மறுநாள் நுணுக்குக்காட்டியில் துண்டை வைத்தார்கள். திரை முழுக்கத் தங்கத் துணிக்கைகள், மாவடிப்பள்ளி வயலில் விதைநெல் எறிந்த மாதிரி. நடுவில் மட்டும் ஒரு வெறும் கீறல், ஹாஜியாருடையது. என் ஆய்வு மேற்பார்வையாளர் மேடத்திடம் நடந்ததைச் சொன்னேன். அவர் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்து முடித்து, "ஒட்டின இடமும் ஒட்டாத இடமும் ஒரே படத்தில வந்திருக்கு. ஆய்வறிக்கையில இதையே போடுங்க" என்றார்.

அந்தக் கிழமை நான் ஊர் திரும்பியதும் உம்மாவின் போனுக்கு ஓர் அழைப்பு. நஸ்ரினா. பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவர்.

"உப்புப் போட்டா ஏன் நீலமாகுது?" என்று கேட்டார். சலாம் சொன்னதற்கு அடுத்த வசனமே அதுதான்.

நான் சொன்னேன். போன் சூடாகும் வரைக்கும் சொன்னேன். உம்மா எதிரே நின்று, வாயை மூடு என்று கையால் காட்டிக்கொண்டே இருந்தார். நஸ்ரினா நடுநடுவே கேள்வி கேட்டார், ஒருமுறைகூடக் கொட்டாவி விடவில்லை. வீட்டில் அவர் என்ன சொன்னாரோ தெரியாது, ஹாஜியார் சம்மதித்துவிட்டார்.

நிக்காஹ் அன்று, மாப்பிள்ளை பெண்ணுக்குக் கொடுக்கும் மஹரைப் பதியும்போது ஹாஜியார் பதிவாளரிடம் குனிந்து, "தங்கம் எண்டு மட்டும் போடாதீங்க. கண்ணுக்குத் தெரியிற தங்கம் எண்டு எழுதுங்க" என்றார். பள்ளிவாசலில் முன்வரிசை முழுக்கக் குலுங்கியது. பதிவாளர் உண்மையிலேயே எழுதப் போனார், தடுக்க வேண்டியதாகிவிட்டது.

இப்போது நான் ஹாஜியார் வீட்டில்தான் இருக்கிறேன், அவரை மாமா என்று கூப்பிட்டுக்கொண்டு. போன வெள்ளிக்கிழமை பகல் சாப்பாட்டில் என் சோற்றுக் கோப்பையில் வெறும் உருளைக்கிழங்காக விழுந்தது. அகப்பையால் ஆணச் சட்டியைத் துழாவிக்கொண்டு, இறைச்சி இல்லையா என்று கேட்டேன். நஸ்ரினா நிமிர்ந்தும் பார்க்கவில்லை. மாமாதான் சொன்னார்:

"இரிக்கி மருமகன். கொழும்புக்குக் கொண்டுபோய்ப் பாருங்க."